வீட்டுக் கடன் கொடுத்தவர் எண்ணெய்க் கிணறு பக்கம் போனது ஏன்? ஹெச்.டி.பாரேக்கின் கதை

காலை ஷிப்ட் முடியும் நேரத்தில் ஒரகடம் சந்திப்பில் நின்று பாருங்கள். கம்பெனி பேருந்துகள் வரிசையாக வெளியே வரும். நடுவில் புகுந்து புகுந்து பைக்குகள் போகும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்பினால் கன்டெய்னர் லாரிகள். கார், பைக், டிரக், டயர், கண்ணாடி என்று இந்தப் பகுதியில் தயாராகும் பாதிப் பொருட்களுக்கு எண்ணெயோடு ஏதோ ஒரு உறவு இருக்கிறது. இங்கே வேலை பார்ப்பவர்களில் நிறைய பேருக்கு இன்னொரு உறவும் உண்டு. மாசம் பிறந்தால் சம்பளக் கணக்கிலிருந்து கழியும் வீட்டுக் கடன் இஎம்ஐ.

இந்த இரண்டையும் தொட்ட ஒரு மனிதர் இருந்தார். பெயர் ஹஸ்முக் தாகூர்தாஸ் பாரேக். சுருக்கமாக ஹெச்.டி.பாரேக். எச்டிஎஃப்சி நிறுவனர் என்றால் பலருக்குத் தெரியும். ஆனால், இந்தியாவின் முதல் தனியார் எண்ணெய், எரிவாயுத் தேடல் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவர்தான் என்பது அவ்வளவாகப் பேசப்படாத விஷயம். அந்த நிறுவனத்தின் தலைமையகம் இன்று சென்னையில் இருக்கிறது.

வீட்டுக் கடனுக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

சால் வீட்டிலிருந்து லண்டன் வரை

பாரேக் பிறந்தது 1911 மார்ச் 10, குஜராத்தின் சூரத்தில். வளர்ந்தது பம்பாயில், ஒரு சால் குடியிருப்பில். சால் என்பது ஒரே நீண்ட வராந்தாவை ஒட்டி ஓர் அறை, இரண்டு அறை வீடுகள் வரிசையாக அமைந்த கட்டிடம். நம்ம ஊர் ஒண்டுக்குடித்தனம் மாதிரி. கல்லூரியில் படிக்கும்போதே பகுதி நேர வேலையும் பார்த்தார். பிறகு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் வங்கி, நிதித் துறைப் படிப்பு.

திரும்பி வந்தவர், பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் நடத்தினார். அப்புறம் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் சேர்ந்து சுமார் 20 ஆண்டுகள் வேலை செய்தார். பங்குச் சந்தையில் 20 ஆண்டுகள் என்றால் ஒரு விஷயம் நன்றாகப் பிடிபட்டுவிடும். எந்தப் பணம் நாளைக்கே ஓடிவிடும், எந்தப் பணம் பத்து வருஷம் பொறுத்திருக்கும் என்ற வித்தியாசம்தான் அது. 1953-ல் பம்பாய் பணச் சந்தை பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

1956-ல் ஐசிஐசிஐ-யில் துணைப் பொது மேலாளராகச் சேர்ந்தார். இன்று ஐசிஐசிஐ என்றால் வங்கி. அன்று அது வேற. உலக வங்கி, இந்திய அரசு, தொழில் துறையினர் ஆகியோரின் முயற்சியில் 1955-ல் உருவான நீண்ட காலக் கடன் நிறுவனம். ஒரு தொழிற்சாலை கட்ட வேண்டும், வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வாங்க வேண்டும் என்றால், ஆறு மாசத்தில் திருப்பிக் கேட்கும் கடனை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கட்டி முடித்து, உற்பத்தி தொடங்கி, லாபம் வரும்வரை காத்திருக்கும் பணம் வேண்டும். அந்த மாதிரிப் பணத்தை இந்தியத் தொழில்களுக்குக் கொண்டுபோன இடம் ஐசிஐசிஐ. அங்கே படிப்படியாக உயர்ந்து தலைவர் பொறுப்புவரை வந்தார் பாரேக்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் தொழிலதிபர் குடும்பத்து வாரிசு இல்லை. அப்பா விட்டுச்சென்ற மில் கிடையாது. தரகு நிறுவனத்திலும் ஐசிஐசிஐ-யிலும் அவர் அடுத்தவர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்தான். ஒரகடத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு உள்ளே போகும் ஒரு மேலாளரைப் போல.

66 வயதில் முதல் கம்பெனி

பெரும்பாலானவர்கள் பென்ஷன் கணக்குப் பார்க்கும் வயதில் பாரேக் புது நிறுவனம் தொடங்கினார். 1977-ல் எச்டிஎஃப்சி உருவானபோது அவருக்கு வயது 66.

அப்போது நிலைமை எப்படி என்றால், நடுத்தரக் குடும்பம் சொந்த வீடு கட்டுவது பெரும்பாலும் ஓய்வுபெற்ற பிறகுதான். பி.எஃப்., கிராஜுவிட்டி, சேமிப்பு எல்லாவற்றையும் சேர்த்து, பிள்ளைகள் கல்யாணமாகிப் போன பிறகு ஒரு வீடு. வேலையில் இருக்கும்போதே வீட்டை வாங்கி அதில் வாழ்ந்துகொண்டே பணத்தைத் திருப்பிக் கட்டலாம் என்ற வழி சாதாரண சம்பளக்காரருக்குத் திறக்கவில்லை. வங்கிகள் அந்தப் பக்கம் அவ்வளவாக வரவில்லை. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் வீட்டை மீட்பதற்கான சட்ட வழியும் மிக மெதுவானது.

பாரேக்கின் யோசனையைப் பலர் நம்பவில்லை. எச்டிஎஃப்சி பங்குகள் 1978-ல் பொதுமக்களுக்கு வந்தபோது வரவேற்பு மந்தமாகவே இருந்தது. ஐசிஐசிஐ, உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம், ஆகா கான் ஆகியோர் தொடக்கத்திலேயே பங்கெடுத்துக் கை கொடுத்தார்கள். அமெரிக்க வங்கி ஒன்றில் வேலையில் இருந்த சகோதரர் மகன் தீபக் பாரேக், குறைந்த சம்பளத்துக்கு இங்கே வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் நிறுவனத்தை வளர்த்தெடுத்தவர் அவர்தான்.

எச்டிஎஃப்சி-யின் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. பங்குச் சந்தையில் புரமோட்டர் என்று ஒரு வார்த்தை அடிக்கடி வரும். கம்பெனியைத் தொடங்கி, பெரும் பங்கைக் கையில் வைத்து, கட்டுப்பாட்டையும் வைத்திருப்பவர். இந்தியாவின் பெரும்பாலான தனியார் நிறுவனங்களுக்குப் பின்னால் அப்படி ஒரு குடும்பம் இருக்கும். எச்டிஎஃப்சி-க்கு அப்படி ஒரு புரமோட்டர் இல்லை. தொடங்கியவரே அதைத் தன் சொத்தாக ஆக்கிக்கொள்ளவில்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நிபுணர்கள் நடத்துவார்கள். ஆயிரக்கணக்கான பங்குதாரர்களுக்குப் பதில் சொல்வார்கள். அவ்வளவுதான்.

இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கதையிலும் இது திரும்ப வரும்.

72 வயதில் எண்ணெய்

1983-ல் ஹிந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளோரேஷன் கம்பெனி, சுருக்கமாக ஹெச்ஓஇசி, பாரேக்கின் முன்முயற்சியில் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 72.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு விசித்திரமான முடிவு என்று புரியும். 1973-லும் 1979-லும் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை எகிறி, இந்தியாவின் அந்நியச் செலாவணி கரைந்தது. 1974-ல் பாம்பே ஹையில் எண்ணெய் கிடைத்தது பெரிய ஆறுதல். ஆனால் அதைக் கண்டுபிடித்தது அரசு நிறுவனமான ஓஎன்ஜிசி. தனியாரைப் பொறுத்தவரை காற்று எதிர்த் திசையில் வீசியது. எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் ஆகியவற்றின் இந்தியத் தொழில்களை 1970-களில் அரசு எடுத்துக்கொண்டது. 1981-ல் ஆயில் இந்தியா முழுக்க அரசுடையது ஆனது.

தனியார் எல்லாம் வெளியே போன இரண்டே வருஷத்தில், ஒரு தனியார் இந்திய நிறுவனம் எண்ணெய் தேடப்போகிறேன் என்று வந்தது.

இது எந்த வகைக் கம்பெனி?

எண்ணெய்க் கம்பெனி என்றதும் பெட்ரோல் பங்க்தான் ஞாபகம் வரும். ஹெச்ஓஇசி-க்கு பங்க் கிடையாது, சுத்திகரிப்பு ஆலையும் கிடையாது. தேடுவது, கிடைத்தால் எடுப்பது, எடுத்ததை விற்பது. இதை மட்டுமே செய்யும் நிறுவனங்களைச் சுயேச்சையான தேடல், உற்பத்தி நிறுவனங்கள் என்பார்கள். ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் ஹெச்ஓஇசி போர்டை நாம் பார்க்காததற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தொழிலின் கணக்கு, தொழிற்சாலைக் கணக்கு மாதிரி இல்லை. ஒரகடத்தில் ஒரு ஆலை கட்டினால், சந்தை சரியில்லாமல் போனாலும் கட்டிடமும் இயந்திரமும் மிஞ்சும். எண்ணெய்த் தேடலில் முதலில் நில அதிர்வு ஆய்வு. அதாவது, பூமிக்குள் அதிர்வலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துக் கீழே பாறைகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று படம் வரைவார்கள். எண்ணெய் தேங்கியிருக்கலாம் என்று தோன்றும் இடத்தில் துளை போடுவார்கள். கடலில் என்றால் ரிக்குக்கு நாள் வாடகையே மலைக்க வைக்கும். எல்லாம் முடிந்து துளைக்குள் ஒன்றும் இல்லை என்றால், அது வறண்ட கிணறு. போட்ட பணம் அங்கேயே போச்சு. விற்பதற்கு ஒரு இரும்புத் துண்டுகூட மிஞ்சாது.

அரசோடு போடும் ஒப்பந்தமும் இந்த ஆபத்தை ஒட்டியதுதான். பூமிக்கு அடியில் இருக்கும் எண்ணெய் நாட்டுக்குச் சொந்தம். 1990-களில் வந்த உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தின்படி, கம்பெனி தன் பணத்தில் தேடும். கிடைத்தால், செலவை முதலில் எடுத்துக்கொண்டு, மிச்ச லாபத்தை அரசோடு பங்கு போடும். கிடைக்காவிட்டால் நஷ்டம் முழுக்கக் கம்பெனிக்கு. 2016-ல் வந்த புதிய கொள்கை, செலவுக் கணக்குத் தகராறுகளைத் தவிர்க்க, வருவாயையே பங்கிடும் முறைக்கு மாறியது.

இப்போது பாரேக்கின் இரண்டு முயற்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டுக் கடன் 15, 20 வருஷம் திரும்பி வரும் பணம். எண்ணெய் பல வருஷம் கழித்து, வந்தால் வரும் பணம். இரண்டுக்கும் வேண்டியது பொறுமையான முதலீடு. நாட்டுக்கு இரண்டும் தேவை, ஆனால் சந்தை தானாக அந்தப் பக்கம் போகவில்லை. ஐசிஐசிஐ-யில் 20 ஆண்டுகள் அவர் பார்த்த வேலையும் அதேதான்.

நம்ம கடலில் ஒரு பங்கு

ஆரம்ப காலத்தில் தனியாருக்கு இருந்த வாய்ப்புகள் குறைவு. 1990-களில் அரசு கதவைத் திறந்தது. ஓஎன்ஜிசி கண்டுபிடித்து, உற்பத்திக்குக் கொண்டுவராமல் இருந்த நடுத்தர, சிறிய வயல்கள் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் சில, காவிரிப் படுகையின் கடல் பகுதியில், தமிழ்நாடு, புதுச்சேரிக் கரைக்கு அப்பால் இருந்தன.

அதில் ஒன்று பிஒய்-3 என்ற எண்ணெய் வயல். ஹார்டி என்ற நிறுவனம் நடத்துநர். ஓஎன்ஜிசி, டாடா பெட்ரோடைன் ஆகியவற்றோடு ஹெச்ஓஇசி-க்கு 21 சதவீதப் பங்கு. ஒப்பந்தம் கையெழுத்தானது 1994 டிசம்பர் கடைசியில்.

பாரேக் அதைப் பார்க்கவில்லை. 1994 நவம்பர் 18 அன்று, 83-வது வயதில் அவர் காலமானார். 1992-ல் அவருக்குப் பத்ம பூஷண் கிடைத்திருந்தது. எச்டிஎஃப்சி வங்கி உருவாகி சில மாதங்களே ஆகியிருந்தன. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வருவதற்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

பிஒய்-3 வயலில் 1997-ல் உற்பத்தி தொடங்கியது. கிணற்றுத் தலைகள் கடல் அடியிலேயே இருக்கும். மேலே மிதக்கும் அமைப்பில் எண்ணெயைப் பிரித்து, டேங்கர் கப்பலில் சேர்ப்பார்கள். இந்தக் கச்சா எண்ணெயை வாங்கியது சென்னை பெட்ரோலியம் நிறுவனம். அந்த ஆண்டுகளில் அந்த நிறுவனத்திலிருந்து வந்த பெட்ரோல், டீசலில் நம்ம கடலின் எண்ணெயும் கொஞ்சம் கலந்திருந்தது. 2011-ல் உற்பத்தி நின்றது.

சறுக்கிய காலம்

இன்னொரு வயல் பிஒய்-1. இது எரிவாயு வயல். ஹெச்ஓஇசி தானே முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டு, கடலில் மேடை அமைத்து, கடலடியில் குழாய் போட்டு, திருக்கடையூர் அருகே பிள்ளைபெருமாநல்லூரில் எரிவாயுவைக் கரை சேர்த்தது. 2009 நவம்பரில் உற்பத்தி தொடங்கியது. ஒரு சிறிய நிறுவனத்துக்கு இது மிகப் பெரிய பாய்ச்சல்.

ஆனால் பூமி வேற கணக்கு வைத்திருந்தது. வழக்கமாக எண்ணெயும் வாயுவும் மணற்பாறையின் நுண்துளைகளில் தேங்கியிருக்கும். பிஒய்-1-ல் அது அடித்தளக் கருங்கல் பாறையின் விரிசல்களுக்குள் இருந்தது. விரிசல் எங்கே, எவ்வளவு தூரம், ஒன்றோடு ஒன்று சேர்கிறதா என்பதை மேலிருந்து கணிப்பது மிகக் கடினம். எதிர்பார்த்த அளவு வாயு வரவில்லை. எடுக்கக்கூடிய இருப்பின் மதிப்பீட்டைக் குறைக்க வேண்டியதாயிற்று. போட்ட முதலீட்டின் பெரும் பகுதியை நஷ்டமாக எழுதினார்கள். பங்கு விலையை நம்பி இருந்தவர்களுக்கும் அடி.

இதே காலத்தில் நிறுவனத்தின் பெரும் பங்கு வெளிநாட்டுக் கைகளில் இருந்தது. பிரிட்டனின் பர்ரன் எனர்ஜி வைத்திருந்த பங்கு, அந்தக் கம்பெனியை வாங்கிய இத்தாலியின் ஈனி நிறுவனத்துக்குப் போனது. உலகம் முழுக்க வயல்கள் வைத்திருக்கும் ஒரு பெரிய நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டுக் கடலின் ஒரு சிறிய வயல் எவ்வளவு முக்கியமாக இருக்கும்? கடைசியில் ஈனியும் விலகியது.

இங்கேதான் பாரேக்கின் யோசனைக்கு உண்மையான சோதனை. உரிமையாளர் குடும்பம் இல்லாத கம்பெனி நன்றாகப் போகும்போது பெருமை. கிணறு ஏமாற்றும்போது யார் தாங்குவது? குடும்பம் நடத்தும் கம்பெனி என்றால், பெயரைக் காப்பாற்றவாவது யாராவது கைக்காசைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். இங்கே அப்படி யாரும் இல்லை.

மெதுவாக எழுந்தது

2015 வாக்கில், எண்ணெய்த் துறையில் அனுபவம் உள்ள ஒரு நிபுணர் குழு நிர்வாகத்துக்கு வந்தது. ஒரே பெரிய வயலில் எல்லாவற்றையும் வைக்காமல், செலவு குறைந்த சிறிய வயல்கள் பக்கம் கம்பெனி திரும்பியது. அசாமின் டிரோக் வயலில் 2017 ஆகஸ்டில் எரிவாயு உற்பத்தி தொடங்கியது. அதில் ஆயில் இந்தியாவும் இந்தியன் ஆயிலும் பெரிய பங்குதாரர்கள். ஆனால் நடத்துநர் ஹெச்ஓஇசி. இரண்டு பெரிய பொதுத் துறை நிறுவனங்கள் கூட இருக்க, சிறிய தனியார் நிறுவனம் வயலை நடத்துகிறது.

மும்பைக் கடலில் ஓஎன்ஜிசி கண்டுபிடித்து விட்டுவைத்த பி-80 என்ற சிறிய வயலையும் 2016 ஏலத்தில் எடுத்து, 2022-ல் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. பெரிய நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாத சின்ன வயல், செலவை இறுக்கிப் பிடிக்கத் தெரிந்த சின்ன நிறுவனத்துக்குச் சோறு போடும். உலகம் முழுக்கச் சுயேச்சை எண்ணெய் நிறுவனங்கள் பிழைப்பது இப்படித்தான்.

எச்டிஎஃப்சி அளவுக்கு ஹெச்ஓஇசி வளர்ந்ததா என்று கேட்டால், பக்கத்தில்கூட வரவில்லை. ஒன்று நாட்டின் வீட்டுக் கடன் சந்தையையே உருவாக்கி, 2023 ஜூலை 1 அன்று தான் பெற்ற வங்கியோடு இணைந்து, நாட்டின் மிகப்பெரிய தனியார் வங்கியின் பகுதி ஆனது. இன்னொன்று இன்றும் சிறிய நிறுவனம்தான். வீட்டுக் கடனில் ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் ஒன்றிரண்டு பேர் கட்டாமல் போகலாம், மிச்சம் பேர் கட்டுவார்கள். எண்ணெயில் கையில் நாலே கிணறு இருந்து, இரண்டு ஏமாற்றினால் பாதிக் கம்பெனி போச்சு. இரண்டிலும் பொறுமை வேண்டும் என்றாலும், ஆபத்தைப் பல பேர்மேல் பரப்பும் வசதி சின்ன எண்ணெய்க் கம்பெனிக்குக் கிடையாது.

எண்ணெய்த் தேடல் என்றால் தமிழ்நாட்டில் இன்னொரு பக்கமும் உண்டு. நெடுவாசலில் 2017-ல் நடந்த போராட்டம் யாருக்கும் மறக்காது. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் ஆக்கும் சட்டம் வந்து, அங்கே புதிய ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்குத் தடை போட்டது. பாரேக்கின் காலத்தில் கேள்வி, பணத்தை யார் போடுவது என்பது. இன்று நிலமும் கடலும் யாருக்கு, ஊர் சம்மதித்ததா என்ற கேள்விகளும் சேர்ந்துவிட்டன. எண்ணெய் நிறுவனத்தின் மதிப்பீடுகள் என்று பேசினால், இதற்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே நேரம், இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது என்பதும் உண்மை.

அவர் விட்டுப்போனது

பாரேக்கின் பெயரில் ஒரு அறக்கட்டளை இருக்கிறது. ஆனால் அவர் பெயரில் ஒரு தொழில் சாம்ராஜ்யம் கிடையாது. அவர் கட்டியவை எல்லாம் சுருக்கெழுத்துப் பெயர்கள் கொண்ட நிறுவனங்கள். எச்டிஎஃப்சி-யில் புரமோட்டர் குடும்பம் கடைசிவரை வரவில்லை. ஹெச்ஓஇசி-யும் ஈனி போன பிறகு மறுபடி அடையாளம் சொல்லக்கூடிய புரமோட்டர் இல்லாத, நிபுணர்கள் நடத்தும் நிறுவனமாகவே தொடர்கிறது.

சம்பளம் வாங்கும் வேலைக்காரராகவே வாழ்க்கையின் பெரும் பகுதியைக் கழித்த ஒருவர், 66 வயதில் ஒன்றும் 72 வயதில் ஒன்றும் தொடங்கினார். ஒன்று உச்சிக்குப் போனது. இன்னொன்று விழுந்து, எழுந்து, இன்னும் துளை போட்டுக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை ஒரகடம் சந்திப்பில் டேங்க் நிரப்ப நிற்கும்போது, இஎம்ஐ கழிந்த குறுஞ்செய்தி போனில் வந்தால், சூரத்தில் பிறந்து சால் வீட்டில் வளர்ந்த அந்த மனிதரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.